அம்மனும் வேதமும்: பாராயணத்துக்கு வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொலுப்படிகளைப் பரணிலிருந்து இறக்கும் வாரத்தில் எங்கள் பாராயணக் குழுவில் ஆண்டுதோறும் ஒரே கேள்விகள்தாம் எழுகின்றன. துர்கா சூக்தம் எந்த வேதம், காயத்ரி யார், ஹ்ரீம் என்ற மந்திர ஒலி எங்கிருந்து வந்தது என்று சுற்றிச் சுற்றி அவையேதான். வாயால் பதில் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று விட்டுப்போகிறது. அதனால் எழுதிவைக்கிறேன். நான் பண்டிதை அல்ல. சந்தை சொல்லி, அதாவது ஆசிரியர் சொல்வதைத் திருப்பிச் சொல்லி, பாடம் கற்றவள். சொல்வதற்குப் பொருள் என்ன என்ற குடைச்சல் விடாதவள்.

வேதத்தில் அம்மன் இருக்கிறாளா?

பெண் தெய்வங்கள் இருக்கிறார்கள். ஆனால் நாம் இன்று அம்மன் என்று கும்பிடும் உருவம் ரிக்வேதத்தில் அப்படியே இல்லை. சிங்க வாகனம் இல்லை, மகிஷாசுர வதம் இல்லை, சூலம் ஏந்திய பல கைகளும் இல்லை.

கணக்காகவே பார்த்துவிடலாம். ரிக்வேதத்தில் 1,028 சூக்தங்கள், அதாவது துதிப்பாடல்கள். அவற்றில் இந்திரனுக்கு ஏறத்தாழ 250, அக்னிக்கு ஏறத்தாழ 200. பெண் தெய்வங்களில் அதிகம் பாடப்பட்டவள் விடியலின் தேவியான உஷஸ். அவளுக்கு ஏறத்தாழ 20. சரஸ்வதிக்கு மூன்று. இரவின் தேவி ராத்ரிக்கு ஒன்று, காட்டின் தேவி அரண்யானிக்கு ஒன்று. பூமித்தாய் பிருதிவிக்குத் தனியாக மூன்றே ரிக்குகள் (மந்திரங்கள்) கொண்ட சிறு சூக்தம். ஆதித்யர்களின் தாயான அதிதியின் பெயர் எங்கு திறந்தாலும் கண்ணில் படும். ஆனால் அவளுக்கென்று முழுச் சூக்தம் ஒன்றுகூட இல்லை.

பூமிக்கு நேர்ந்த குறையை அதர்வ வேதம் ஈடுசெய்தது. அதன் 12ஆம் காண்டம் தொடங்குவதே 63 மந்திரங்கள் கொண்ட பூமி சூக்தத்தில்தான். "பூமி தாய், நான் பிருதிவியின் மகன்" என்ற வரி அதில் வருவதுதான்.

அவ்வளவு பாடப்பட்ட உஷஸ் இன்று எங்கே போனாள்?

கோயில் இல்லை, உற்சவம் இல்லை, வீட்டு அலமாரியில் படமும் இல்லை. நாட்டியக்காரியைப் போல அணிகலன்களைப் பூட்டிக்கொண்டு, பசு மடி காட்டுவதுபோல் மார்பைத் திறந்து ஒளி சொரிபவள் என்று ரிஷிகள் கொண்டாடிய பெண் அவள். பாட்டுக்கு உரியவளாக இருந்தாளே தவிர, பயத்துக்கும் நேர்த்திக்கடனுக்கும் உரியவளாக ஆகவில்லை என்று எனக்குத் தோன்றும். மாறாக, ஓரிரு மந்திரங்களில் தலைகாட்டிய பெயர்கள்தாம் பின்னால் வளர்ந்து வானளாவ நின்றன.

சரஸ்வதி ஆறா, கலைமகளா?

முதலில் ஆறு. "அம்பிதமே, நதீதமே, தேவிதமே" என்று ரிக்வேதத்தின் இரண்டாம் மண்டலத்தில், அதாவது இரண்டாம் பகுதியில், ஒரு விளிப்பு வரும்: அன்னையரில் சிறந்தவளே, ஆறுகளில் சிறந்தவளே, தேவியரில் சிறந்தவளே. அதே மூச்சில், "நாங்கள் பெயரற்றவர்கள்போல் இருக்கிறோம், அம்மா, எங்களுக்குப் புகழ் கொடு" என்ற வேண்டுதல். அந்த "அம்ப" என்ற சொல் நம் அம்மனுக்கும் அம்பிகைக்கும் எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது பாருங்கள். பின்னர் வந்த, வேள்விகளை விளக்கும் பிராமண நூல்கள் "வாக்கே சரஸ்வதி" என்று திரும்பத் திரும்பச் சொல்லி, ஆற்றைப் பேச்சாக்கின. வீணையும் வெள்ளைத் தாமரையும் அதற்கும் வெகுகாலத்துக்குப் பிறகு.

தேவி சூக்தம் என்பது எது? இரண்டு சொல்கிறார்களே?

இரண்டு உண்டு, குழப்பம் நியாயமானதுதான். "நமோ தேவ்யை மகாதேவ்யை" என்று தொடங்குவது அம்மனின் வெற்றிகளைச் சொல்லும் தேவி மகாத்மியத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் வருவது. அது புராணம். வேதத்தில் உள்ளது பத்தாம் மண்டலத்தின் 125ஆம் சூக்தம். எட்டே ரிக்குகள். "அஹம் ருத்ரேபிர் வஸுபிஸ் சராமி" என்று தொடங்கும்.

இந்தச் சூக்தத்தை முதன்முதலாகப் பொருளோடு படித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மற்ற சூக்தங்கள் பெரும்பாலானவற்றில் ரிஷி தெய்வத்தைப் பார்த்து "நீ" என்கிறார். இங்கே தொடக்கம் முதல் முடிவு வரை "நான்". நான் ருத்ரர்களோடும் வசுக்களோடும் நடமாடுகிறேன். நான் அரசி, செல்வங்களை ஒன்றுசேர்ப்பவள். உண்பவனும் பார்ப்பவனும் மூச்சுவிடுபவனும் என்னால்தான் உண்கிறான். தெரியாமலேயே என்னிடம் குடியிருக்கிறார்கள். யாரை விரும்புகிறேனோ அவனை வலியவனாக்குகிறேன், ரிஷியாக்குகிறேன். ருத்ரனுக்காக வில்லை வளைப்பவள் நான். காற்றைப்போல் வீசுகிறேன், வானுக்கும் அப்பால், இந்த மண்ணுக்கும் அப்பால்.

வேடிக்கை என்னவென்றால், இந்த எட்டு ரிக்குகளிலும் "தேவி" என்ற சொல்லே கிடையாது. "வாக்" என்ற பெயரும் கிடையாது. பாடியவள் அம்ப்ருணரின் மகள் வாக், பாடப்பட்டவளும் வாக் என்று அனுக்கிரமணி என்னும் பழைய அட்டவணை சொல்கிறது. பேசுபவள் பெயர் சொல்லாமலே பேசினாள். பின்னால் வந்த தேவி பக்தர்கள், இது எங்கள் அம்மாவின் குரல்தான் என்று அடையாளம் கண்டுகொண்டார்கள். அந்த அடையாளத்தில் தவறில்லை என்பது என் கட்சி. தானே எல்லாம் என்று ஒரு பெண் குரல் இவ்வளவு ஓங்கி ஒலிக்கும் இடம் ரிக்வேதத்தில் வேறு இல்லை.

துர்கா சூக்தத்தில் துர்க்கை எங்கே இருக்கிறாள்?

கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

சூக்தத்தின் முதல் மந்திரம்: "ஜாதவேதஸே ஸுநவாம ஸோமம்". எல்லோருக்கும் மனப்பாடம். இது ரிக்வேதத்தின் முதல் மண்டலத்தில் 99ஆம் சூக்தமாக இருக்கிறது. அந்தச் சூக்தமே இந்த ஒரு மந்திரம்தான். யாரைப் பற்றியது? ஜாதவேதஸ், அதாவது அக்னி. "ஜாதவேதஸுக்கு சோமம் பிழிவோம், நமக்குத் தீங்கு நினைப்பவனின் உடைமையை அவன் எரிக்கட்டும், ஓடத்தில் ஆற்றைக் கடத்துவதுபோல், அக்னி நம்மை எல்லா துர்கங்களையும் தாண்டிக் கொண்டுசெல்லட்டும்." மூலத்தில் உள்ள சொல் "துர்காணி விச்வா". துர்கம் என்றால் கடக்க அரிய இடம், இடுக்கண். சங்ககிரிதுர்க்கம் என்று ஊர்ப்பெயரில் நாம் சொல்கிறோமே, ஏறிப் பிடிக்க முடியாத மலைக்கோட்டை, அதே சொல்தான். இங்கே துர்கம் தெய்வம் அல்ல; தாண்டப்பட வேண்டிய தொல்லை!

ஏழு மந்திரங்கள் கொண்ட சூக்தம் யஜுர் வேதத்தைச் சேர்ந்த தைத்திரீய ஆரண்யகத்தின் பத்தாம் பிரச்னத்தில் (அத்தியாயத்தில்), மகாநாராயண உபநிஷத்து என்று வழங்கும் பகுதியில் இருக்கிறது. அந்த ஏழில் ஐந்து அக்னியைப் பாடுபவை. சில ரிக்வேதத்தின் வெவ்வேறு மண்டலங்களிலிருந்து எடுத்துக் கோக்கப்பட்டவை. எடுத்தவற்றில் பெரும்பாலும் காண்பது ஒன்றுதான்: துர்கங்களைத் தாண்டவை, கரையேற்று என்ற வேண்டுதல். இரண்டாவது மந்திரத்தில் மட்டும் அவள் வருகிறாள். "தாம் அக்னிவர்ணாம் தபஸா ஜ்வலந்தீம்": அக்னியின் நிறத்தவள், தவத்தால் எரிபவள், துர்கா தேவி, அவளைச் சரண் அடைகிறேன். அடுத்து "ஸுதரஸி தரஸே நம:" என்று கடத்தலின் சொற்கள் மறுபடியும்.

தொல்லையின் பெயர், அந்தத் தொல்லையைத் தாண்டவைப்பவளின் பெயராக மாறும் இடத்தைத் தொட்டுக் காட்டச் சொன்னால் நான் இந்த இரண்டு மந்திரங்களுக்கும் நடுவில்தான் விரலை வைப்பேன். ஓடக்காரன் அக்னி. அவனுடைய நிறத்தை எடுத்துக்கொண்டு துர்க்கை ஓடத்தில் ஏறிவிட்டாள்.

அதே பிரச்னத்தில் துர்கா காயத்ரியும் இருக்கிறது: "காத்யாயனாய வித்மஹே கன்யகுமாரி தீமஹி தந்நோ துர்கி: ப்ரசோதயாத்". இலக்கணம் தெரிந்தவர்கள் புருவத்தை உயர்த்துவார்கள். "காத்யாயனாய" ஆண்பால் வடிவம். "துர்கி" என்ற பெயரோ வேறெங்கும் நாம் வணங்காதது. பெயர் இன்னும் இறுகிப் படியாத பருவத்து மந்திரம் இது. "காத்யாயன்யை" என்று திருத்தி அச்சிடும் புத்தகங்கள் இருக்கின்றன. ஆரண்யகத்தில் உள்ளபடியே சொல்லுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

ஸ்ரீ சூக்தம் ரிக்வேதமா?

ரிக்வேதத்தின் கிலப் பகுதி, அதாவது பின்னிணைப்பு. ஐந்தாம் மண்டலத்தின் முடிவில் சேர்ப்பது வழக்கம். மூலம் 15 ரிக்குகள். "பத்மானனே பத்ம ஊரு" போன்றவை பிற்சேர்க்கை.

இதிலும் அக்னிதான் இடையாள். "லக்ஷ்மீம் ஜாதவேதோ ம ஆவஹ" என்பதை எத்தனை முறை சொல்லியிருப்போம்! லட்சுமியை நேரே கூப்பிடவில்லை. ஜாதவேதஸே, நீ அவளை எனக்கு அழைத்து வா என்று தூது விடுகிறோம்.

இதைப் பணத்துக்கான மந்திரம் என்று மட்டும் நினைப்பவர்களுக்கு நான் எடுத்துக்காட்டுவது "கந்தத்வாராம் துராதர்ஷாம் நித்யபுஷ்டாம் கரீஷிணீம்" என்ற ரிக். வீட்டுப் பூஜையில் சந்தனம் இடும்போது சொல்கிறோம். "கரீஷம்" என்றால் சாணம். கரீஷிணீ, சாணம் நிறைந்தவள். முகம் சுளிக்க வேண்டாம். பஞ்சகவ்யம் கூட்டும்போது பசுஞ்சாணத்தை எடுப்பதற்கும் இதே மந்திரம்தான். இன்னும் இரண்டு ரிக் தள்ளிப் போனால் கர்தமர் வருகிறார். கர்தமம் என்றால் சேறு. மாடு நிறைந்த தொழுவம், சாணம் கொட்டிய வயல், ஈரச்சேறு, அதில் தாமரை. மண்ணோடு பிறந்த லட்சுமி இவள். நாணயம் கொட்டும் காலண்டர் படத்துக்கு முற்பட்டவள்.

அவளுக்கு எதிராளியும் உண்டு. "க்ஷுத்பிபாஸாமலாம் ஜ்யேஷ்டாம் அலக்ஷ்மீம் நாசயாம்யஹம்": பசியும் தாகமுமாக அழுக்கடைந்த மூத்தவள், அலட்சுமி, அவளை விரட்டுகிறேன். தமிழில் இவள் தவ்வை. பொறாமைக்காரனைச் "செய்யவள் தவ்வையைக் காட்டி விடும்" என்கிறது குறள். தமிழ்நாட்டுப் பழங்கோயில்களில் ஜேஷ்டை சிலையாக உட்கார்ந்திருப்பாள். விரட்டச் சொன்னவளையே கும்பிட்டிருக்கிறோம். எனக்கு அவள்மேல் கொஞ்சம் இரக்கம் உண்டு.

லட்சுமி என்ற சொல்லுக்கே முதலில் நல்லது கெட்டது என்ற பேதம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது வெறும் அடையாளம், குறி. அதர்வ வேதத்தில் ஒரு மந்திரம், மனிதன் பிறக்கும்போதே நூற்றொரு லட்சுமிகள் உடன் பிறக்கிறார்கள், கெட்டவர்கள் போகட்டும், நல்லவர்கள் தங்கட்டும் என்கிறது.

காயத்ரி பெண் தெய்வம்தானே?

காயத்ரி என்பது சந்தத்தின் பெயர்: எட்டெட்டு அசையாக மூன்று அடி, மொத்தம் 24. நாம் சொல்லும் மந்திரம் மூன்றாம் மண்டலத்தில் விசுவாமித்திரருடையது. தெய்வம் சவிதா, ஆண். பாரதியும் "செங்கதிர்த் தேவன் சிறந்த ஒளியினைத் தேர்கின்றோம்" என்றுதான் தமிழாக்கினார். முதல் அடியை எண்ணிப் பார்த்தால் ஏழு அசைதான் வரும். "வரேண்யம்" என்பதை "வரேணியம்" என்று பிரித்தால் எட்டாகும். ஐந்து முகமும் தாமரை ஆசனமுமான காயத்ரி தேவி, சந்தமே தாயாக வணங்கப்பட்டதன் விளைவு.

உமை, காளி, அம்பிகை ஆகிய பெயர்களாவது உண்டா?

மூன்றும் உண்டு, மூன்றும் வியப்பூட்டும்.

அம்பிகை யஜுர் வேதத்தில் ருத்ரனின் சகோதரி. "ருத்ரனே, உன் சகோதரி அம்பிகையோடு இந்தப் பங்கை ஏற்றுக்கொள்" என்று ஹவிஸ், அதாவது வேள்விப் படையல், கொடுக்கிறார்கள். மகாநாராயணத்துக்கு வரும்போது அதே ருத்ரன் "அம்பிகாபதி, உமாபதி".

காளி முண்டக உபநிஷத்தில் அக்னியின் ஏழு நாக்குகளில் முதலாவது, கராளி இரண்டாவது. ஹோமகுண்டத்தில் நெளியும் கருஞ்சுடரைக் கண்ட யாரோ வைத்த பெயர்.

உமை கேன உபநிஷத்தில் வருகிறாள். தேவர்கள் வெற்றிச் செருக்கில் இருக்கும்போது யட்சம் என்னும் ஒரு மாய உருவம் எதிரே தோன்றி, ஒரு புல்லை வைக்கிறது. அக்னியால் அதை எரிக்க முடியவில்லை. வாயுவால் அசைக்க முடியவில்லை. இந்திரன் நெருங்கியதும் யட்சம் மறைகிறது. அந்த வெற்று வெளியில் "மிக அழகியவளான உமா ஹைமவதி" நிற்கிறாள். அது பிரம்மம் என்று சொல்லிக்கொடுக்கிறாள். இமவான் மகள் என்றும், பொன் அணிந்தவள்போல் ஒளிர்பவள் என்றும் சங்கரர் இரண்டு பொருளும் சொல்வார். தேவராஜனுக்கே ஆசிரியை.

ஹ்ரீம், ஸ்ரீம், க்லீம் வேதத்தில் இருக்கின்றனவா?

ரிக்வேத சங்கிதையில் பீஜங்களாக, அதாவது மந்திரத்தின் வித்தெழுத்துகளாக, இல்லை. "ஹ்ரீஸ்ச தே லக்ஷ்மீஸ்ச பத்ந்யௌ" என்று யஜுர் வேதத்தில் வருகிறதே என்பார்கள். அங்கே ஹ்ரீ என்பது நாணம் என்று பொருள்படும் சாதாரணச் சொல், பீஜம் அல்ல.

பீஜ மந்திரங்கள் தந்திர மரபின் செல்வம். அவற்றுக்கு உபதேசம், நியாசம் (மந்திரத்தை உடலில் தொட்டுப் பதித்தல்), ஜப எண்ணிக்கை என்று தனி ஒழுங்கு உண்டு. ஆனாலும் பொருளற்ற ஒலிக்குச் சக்தி உண்டு என்ற எண்ணம் புதிதல்ல. சாம கானம் கேட்டவர்களுக்குத் தெரியும்: ரிக்கின் சொற்களுக்கு நடுவே ஹாவு, ஹாயி என்று ஸ்தோபங்கள் நீண்டு ஒலிக்கும். அகராதியில் தேடிப் பயனில்லை. ஸ்வாஹாவும் வஷட்டும் ஓங்காரமும் அப்படித்தான் செயல்பட்டன. பீஜம் அந்த நிலத்தில் முளைத்தது என்று சொன்னால் ஏற்பேன். அந்த நிலத்திலேயே முழு மரமாக இருந்தது என்றால் ஏற்கமாட்டேன்.

ஸ்ரீவித்யை என்னும் தேவி வழிபாட்டு மரபின் உபாசகர்களிடம் சுவையான வாதம் ஒன்று உண்டு. 18ஆம் நூற்றாண்டில் தஞ்சைச் சீமையில் காவிரிக்கரையில் வாழ்ந்த பாஸ்கரராயர் எடுத்துச் சொல்வது அது. ஐந்தாம் மண்டலத்தில் "சத்வார ஈம் பிப்ரதி" என்று ஒரு ரிக். "நால்வர் அவனைத் தாங்குகிறார்கள்" என்பது நேர்ப்பொருள். "ஈம்" அங்கே சுட்டுச்சொல். அவரோ "நான்கு ஈகாரங்களைத் தாங்குவது" என்று படித்து, அம்மரபின் பதினைந்தெழுத்து மந்திரமான பஞ்சதசாக்ஷரியில் ஈகாரம் நான்கு முறை வருவதைக் காட்டுகிறார். மந்திரத்தை இங்கே எழுதப்போவதில்லை. உபதேசம் பெற்றவர்கள் எண்ணிக்கொள்ளட்டும். வரலாறாக இது நிற்காது. ஆனால் வேதத்தை விட்டுவிட்டு வந்துவிட்டோம் என்று சொல்ல மனம் வராத ஒரு பெரிய அறிஞரின் பிடிப்பு அதில் தெரிகிறது.

அப்படியானால் அம்மன் வழிபாடு வேதத்திலிருந்து வந்ததா, இல்லையா?

ஒரே ஊற்று என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. தொல்காப்பியம் "கொற்றவை நிலை" என்கிறது. திருமுருகாற்றுப்படை முருகனைக் "கொற்றவை சிறுவ" என்றும் "பழையோள் குழவி" என்றும் அழைக்கிறது. அப்போதே அவள் பழையோள். இவளுக்கு ரிக்வேதச் சான்றிதழ் தேவைப்படவில்லை. மகிஷனை வதைத்தவளின் கதையும் வேதத்தில் இல்லாமல் வளர்ந்ததுதான்.

கி.பி. 5, 6ஆம் நூற்றாண்டு வாக்கில் உருப்பெற்றதாக ஆய்வாளர்கள் கருதும் தேவி மகாத்மியத்தில்தான் இவர்கள் எல்லோரும் ஒருத்தியாகச் சேர்கிறார்கள். 13 அத்தியாயங்கள், 700 மந்திரங்கள் என்று கணக்கிடுவார்கள். பாராயண முறையைக் கவனியுங்கள்: முன்னால் ராத்ரி சூக்தம், பின்னால் தேவி சூக்தம். புராணத்துக்கு இரு பக்கமும் ரிக்வேதத்தை வாசற்கால்களாக நட்டுவைத்தார்கள்.

லலிதா சகஸ்ரநாமத்தையும் பாருங்கள். அதுவும் வேதம் அல்ல, பிரம்மாண்ட புராணத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவது. ஆனால் நான்காவது நாமம் என்ன? "சிதக்னிகுண்ட ஸம்பூதா", ஞானமாகிய அக்னி குண்டத்தில் தோன்றியவள். மறுபடியும் அந்த நெருப்பு.

பெண்கள் இந்தச் சூக்தங்களைச் சொல்லலாமா?

கூடாது என்னும் ஆசாரியர்கள் உண்டு, சொல்லித்தரும் ஆசிரியர்களும் உண்டு. நான் கற்கத் தொடங்கியபோது உறவினர் ஒருவர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. லோபாமுத்ரை, கோஷை, அபாலை, வாக் ஆகிய பெண்களின் பெயரில் ரிக்வேதத்தில் சூக்தங்கள் இருக்கின்றன. தேவி சூக்தத்தைப் பாடியவளே பெண். அதைப் பெண் சொல்லக்கூடாது என்றால் முதலில் அவளிடம் அல்லவா போய்ச் சொல்ல வேண்டும்?

ஸ்வரம் இல்லாமல் சொன்னால் தவறா?

வேத மந்திரத்துக்கு ஸ்வரம், அதாவது ஒலியின் ஏற்ற இறக்கம், எழுத்தைப் போலவே முக்கியம். தேவதச்சன் த்வஷ்டா "இந்திரசத்ரு" என்று ஹோமம் செய்த கதையைப் பாடசாலையில் முதலில் சொல்லித்தருவார்கள். இந்திரனைக் கொல்பவன் என்று பொருள்பட வேண்டிய சொல், ஸ்வரம் மாறியதால், இந்திரனால் கொல்லப்படுபவன் என்றானது. அந்த ஹோமத்தில் தோன்றிய விருத்திரன் இந்திரன் கையால் மாண்டான்.

ஒரு மந்திரம் வேதத்தைச் சேர்ந்ததா என்று பார்க்கவும் இதுவே எளிய வழி. நல்ல பதிப்பில் எழுத்துக்குக் கீழே கிடைக்கோடும் மேலே செங்குத்துக் கோடும் இருந்தால் பெரும்பாலும் வேதம். ஸ்தோத்திரங்களுக்குக் கோடு இருக்காது. கோடுகளே இல்லாத ஸ்ரீ சூக்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தனியாகக் கற்காதீர்கள். காதால் கேட்டு, இரண்டு முறை திருப்பிச் சொல்லிக் கற்பதே முறை.

நவராத்திரி இரவில் ஒன்றே ஒன்று சொல்ல வேண்டுமானால்?

ராத்ரி சூக்தம், பத்தாம் மண்டலம், 127. எட்டு ரிக்குகள், காயத்ரி சந்தம், ஐந்து நிமிடம்கூட ஆகாது. இரவு தன் கண்களால், அதாவது விண்மீன்களால், எங்கும் பார்த்துக்கொண்டு வருகிறாள். ஊர் அடங்குகிறது, நடப்பவையும் பறப்பவையும் அடங்குகின்றன, மரத்துக் கூட்டுக்குத் திரும்பும் பறவைபோல நாமும் வீடு சேர்கிறோம். கேட்கும் வரம் எளியது: ஓநாயை விலக்கு, திருடனை விலக்கு, நல்லபடி கடக்க விடு. இங்கேயும் கடத்தல்தான். பூசியதுபோல் அப்பிக்கொண்ட கரிய இருளை, விடியலே, கடனைத் தீர்ப்பதுபோல் தீர்த்துவிடு என்று ஒரு ரிக். கடைசி ரிக்கில் ரிஷி மாடு மேய்ப்பவனாகிவிடுகிறார்: பசுக்களை ஓட்டி வருவதுபோல் இந்தப் பாட்டை உன்னிடம் ஓட்டி வந்திருக்கிறேன், வானின் மகளே, இரவே, ஏற்றுக்கொள்.